‘இந்த கீ செல்லாது’ என்று விண்டோஸ் ஏன் சொல்கிறது?

2018 நவம்பர் 8-ஆம் தேதி விண்டோஸ் 10 புரோ பயன்படுத்திய பலருடைய திரையில் ஓர் அதிர்ச்சிச் செய்தி தோன்றியது. இந்தக் கம்ப்யூட்டரில் புரோ பதிப்புக்கு உரிமம் இல்லை, ஹோம் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் அவை. யாரும் அவற்றைத் திறக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. முறையான உரிமம் வைத்திருந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். கோளாறு அவர்கள் வீட்டில் இல்லை, மைக்ரோசாஃப்டின் ஆக்டிவேஷன் சர்வரில் இருந்தது. ஏறக்குறைய ஒரு நாளில் அது சரியானது. அதற்குள் பதறிப்போய்ப் புது கீ வாங்கியிருந்தால் பணம் வீண், ஃபார்மட் செய்திருந்தால் உழைப்பு வீண். சும்மா காத்திருந்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் ‘கீ செல்லாது’ என்று சொல்லும்போது நாம் அதைத் திருட்டுக் குற்றச்சாட்டாகவோ இயந்திரக் கோளாறாகவோ எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தட்டிய எழுத்துகள் கணக்குப்படி சரியா? அந்த கீ இந்தப் பதிப்புக்கு உரியதா? நிறுவனத்தின் பதிவேட்டில் அதன் நிலை என்ன? பதிவான அதே இயந்திரம்தானா இது? எந்தக் கேள்வியில் தடங்கல் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான சமயங்களில் காசு செலவில்லாமலேயே சரிசெய்துவிடலாம். தெரியாவிட்டால், தேவையில்லாத கீயை வாங்குவோம், அல்லது கிராக் என்ற பெயரில் வைரஸை நாமே வரவேற்போம்.

ஏழால் வகுபட்ட காலம்

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தபோது கீயைச் சோதிக்க இணையமோ சர்வரோ கிடையாது. சோதனை முழுவதும் நிறுவும் நிரலுக்குள்ளேயே இருந்தது. கடையில் வாங்கிய சிடியின் கீ பத்து இலக்கம் கொண்டது: முதலில் மூன்று, ஒரு கோடு, பிறகு ஏழு. முதல் மூன்று இலக்கங்கள் 333, 444 முதல் 999 வரையான ஏழு எண்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. அடுத்த ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். முக்கியமான நிபந்தனைகள் இவ்வளவுதான்.

கைக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஏழு ஒன்றுகளைக் கூட்டினால் 7. அது 7-ஆல் வகுபடும். ஆகவே 111-1111111 என்பது செல்லுபடியாகும் கீ. கடைசி ஒன்றை இரண்டாக்கினால் கூட்டுத்தொகை 8 ஆகும், கீ செல்லாது. இந்த முறையின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. 1234567 என்பதன் கூட்டுத்தொகை 28, அதாவது நான்கு ஏழு. அதை மாற்றி 1324567 என்று தட்டினாலும் கூட்டுத்தொகை அதே 28-தான். இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. வாய்க்கு வந்த எண்ணைத் தட்டினாலும் ஏறக்குறைய ஏழில் ஒன்று இந்தக் கணக்கில் தேறிவிடும்.

தட்டும்போது நேரும் பிழையைப் பிடிக்க இந்தக் கணக்கு ஓரளவு உதவும். காசு கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. ஒரே சிடியும் ஒரே கீயும் தெருவில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் போதுமானதாக இருந்தது.

25 எழுத்துகளுக்குள் ஒரு கையொப்பம்

விண்டோஸ் 98 காலத்தில் கீ இன்றைய உருவத்துக்கு வந்தது: ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதிகள், மொத்தம் 25 எழுத்துகள். அந்த எழுத்துகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் பத்து இலக்கங்களும் சேர்ந்தால் 36. கீயில் வருவது அவற்றில் 24 மட்டுமே. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும் இல்லை. எல், என், எஸ், இசட் இல்லை. 0, 1, 5 என்ற இலக்கங்களும் இல்லை. உயிரெழுத்து இல்லாததால் தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் அமையாது. ஓவா பூஜ்யமா, எஸ்ஸா ஐந்தா, ஐயா ஒன்றா என்ற குழப்பத்துக்கும் இடமில்லை.

லேப்டாப்பின் அடியில் மங்கிப்போன ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு தடுமாறுபவருக்கு இது கைகொடுக்கும். வட்டமாகத் தெரிவது பூஜ்யமாகவோ ஓவாகவோ இருக்க முடியாது, டி அல்லது கியூவாக இருக்கும். இசட் போலத் தெரிவது 2. எஸ் போலத் தெரிவது எஸ்ஸும் அல்ல, 5-ம் அல்ல. 6, 8, 9 ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். 8-க்கும் பி-க்கும் இடையில்தான் உண்மையான சந்தேகம் வரும், அங்கே இரண்டையும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஒரு சிறு மாற்றம் வந்தது. கீயில் ஓர் இடத்தில் என் என்ற எழுத்து வருகிறது. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கணக்கின் ஒரு பகுதி. என் வந்திருக்கிறதே, போலியோ என்று பயப்பட வேண்டாம்.

இந்த 25 எழுத்துகளைப் படிக்கும் கம்ப்யூட்டர் அவற்றை 24-ஐ அடிமானமாகக் கொண்ட ஒரே பெரிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது. நாம் பத்தை அடிமானமாக வைத்து எண்ணுகிறோம், இங்கே அது 24. மொத்தம் அமையக்கூடிய எண்கள், 24 என்பது 25 முறை வரும்படி பெருக்கினால் கிடைக்கும் அளவு: 32-க்குப் பின்னால் 33 பூஜ்யங்கள் போட்டால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. அந்தப் பெருங்கடலில் செல்லுபடியாகும் கீகள் ஒரு துளி.

எது செல்லும் என்று எப்படித் தெரிகிறது? 2001 அக்டோபர் 25-ஆம் தேதி வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு நீள்வட்ட வளைகோட்டுக் கணிதத்தில் அமைந்த டிஜிட்டல் கையொப்பத்தைப் பயன்படுத்தியது. கீக்குள் இரண்டு பகுதிகள் ஒளிந்திருக்கும்: ஒன்று வரிசை எண், மற்றொன்று அந்த எண்ணுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கையொப்பம். கையொப்பம் போடும் ரகசிய எண் நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் பொது எண் ஒவ்வொரு விண்டோஸுக்குள்ளும் இருக்கும். சரிபார்க்கத் தெரிந்தவரால் புதிதாகக் கையொப்பம் போட முடியாது என்பதே இந்தக் கணிதத்தின் வலிமை. ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. இடம் மாற்றித் தட்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் 25 எழுத்துகளில் அடங்குவது 114 பிட்டுக்குச் சற்று மேல்தான். உறுதியான கையொப்பத்துக்கு அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். மனிதர் கையால் தட்ட வேண்டிய கீயை இதற்கு மேல் நீட்டவும் முடியாது. அதனால் எக்ஸ்பியின் கையொப்பம் குறுக்கப்பட்டது, குறுக்கியதால் பலவீனமானது. அந்த ரகசிய எண்ணையே கணக்கிட்டு, புதிய கீகளை உருவாக்கித் தரும் நிரல்கள் வந்துவிட்டன.

பத்திரம் போதாது, பதிவும் வேண்டும்

ஒரு மனையின் பத்திரம் கையில் இருக்கிறது, முத்திரைத்தாள் அசல், கையெழுத்தும் அசல். ஆனாலும் வாங்குபவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அதே மனை முன்பே வேறொருவர் பெயருக்குப் போயிருக்கலாம். கீயும் அப்படித்தான். கணக்குப்படி சரியான கீயா என்பதற்கும், அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். எக்ஸ்பியோடு வந்த ஆக்டிவேஷன் அந்தப் பதிவேடு.

எக்ஸ்பியை நிறுவிய 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ ஆக்டிவேட் செய்ய வேண்டியிருந்தது. அப்போது கீயோடு சேர்த்து, கம்ப்யூட்டரின் பத்து உறுப்புகளிலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு சுருக்க எண்ணும் சர்வருக்குப் போகும். பிராசஸர், ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, நினைவகத்தின் அளவு போன்றவை அந்தப் பத்தில் அடக்கம். இந்த கீ இந்த இயந்திரத்துக்கு என்று பதிவேட்டில் ஏறிவிடும். ஒன்றிரண்டு உறுப்புகளை மாற்றினால் பொறுத்துக்கொள்ளும். பெரும்பாலானவை மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும்.

பெரிய நிறுவனங்களுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டராக இப்படிச் செய்வது இயலாத காரியம் என்பதால், ஆக்டிவேஷனே தேவைப்படாத மொத்த உரிம கீகள் அவர்களுக்குத் தரப்பட்டன. அவற்றில் எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும் ஒன்று எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே கசிந்து உலகம் முழுவதும் பரவியது. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்த கீ உள்ள கம்ப்யூட்டர்களில் ஏற மறுத்தது. கணக்குப்படி அந்த கீ அன்றும் சரிதான், இன்றும் சரிதான். பதிவேட்டில் தடை விழுந்தது, அவ்வளவுதான்.

பதிவேடு வந்ததால் ஒரு புதிய ஆபத்தும் வந்தது: பதிவேடே தவறினால்? 2007 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் அது நடந்தது. இன்னும் வெளியிடத் தயாராகாத நிரலை யாரோ தவறுதலாக இயங்கும் சர்வரில் ஏற்றிவிட்டார்கள். சுமார் 19 மணி நேரம் முறையான எக்ஸ்பி, விஸ்டா கம்ப்யூட்டர்களும் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்றது மைக்ரோசாஃப்ட். 2018-இல் நடந்தது இதே வகைக் கோளாறு. எனவே நேற்று வரை சரியாக இருந்த உரிமம், நீங்கள் எதையும் மாற்றாமலேயே இன்று செல்லாமல் போனால், முதல் மருந்து ஒரு நாள் பொறுமை.

மதர்போர்டுக்குள் இருக்கும் உரிமம்

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது லேப்டாப்பின் அடியில் கீ ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் மறையத் தொடங்கியது. தயாரிப்பு நிறுவனம் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனி கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதிவிடுகிறது. எம்எஸ்டிஎம் என்ற பெயருள்ள சிறு அட்டவணையில் அது இருக்கும். ஹார்டு டிஸ்கை மாற்றினாலும், முழுவதையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், நிறுவும் நிரல் அந்த கீயைத் தானே படித்துக்கொள்ளும். எந்தப் பதிப்பு வேண்டும் என்றுகூடக் கேட்காது.

நம் ஊரில் ‘கீ செல்லாது’ புகார்களில் கணிசமானவை தொடங்கும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் வருவது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே எல்லோருக்கும் போடுவதுபோல் புரோ பதிப்பைப் போட்டு, ஒரு ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நன்றாக ஓடுகிறது. சில மாதம் கழித்து, உரிமம் விரைவில் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை வருகிறது. லேப்டாப் வாங்கிய விலையிலேயே கிடைத்த அசல் உரிமம் மதர்போர்டில் அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு போலி உரிமம் உட்கார்ந்திருக்கிறது.

சில மாதக் கெடு ஏன்? அந்த ஆக்டிவேட்டர்கள் கேஎம்எஸ் என்ற முறையைப் போலியாக நடிக்கின்றன. கேஎம்எஸ் என்பது நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் சொந்த வலையமைப்புக்குள்ளேயே ஆக்டிவேஷன் சர்வர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் இருந்தால்தான் அந்த சர்வர் உரிமம் வழங்கும். வழங்கும் உரிமம் 180 நாட்களுக்குச் செல்லும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொடர்புகொண்டு கெடுவைப் புதுப்பித்துக்கொள்ளும். வீட்டில் அப்படிப்பட்ட சர்வர் கிடையாது. போலி சர்வரை வைரஸ் தடுப்பு நிரல் நீக்கிவிட்டால் 180 நாள் கெடு ஓடி முடிந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த வகை உரிமம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எளிது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று தட்டுங்கள். வரும் பெட்டியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஓஇஎம்_டிஎம் என்று இருந்தால் மதர்போர்டில் உள்ள கீ. ரீடெயில் என்றால் தனியாக வாங்கிய கீ, அல்லது மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் உரிமம். வால்யூம், கேஎம்எஸ்கிளையன்ட் என்ற சொற்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்தால் அது உங்கள் உரிமம் அல்ல. அதே கட்டளையில் டிஎல்ஐக்குப் பதிலாக எக்ஸ்பிஆர் என்று தட்டினால், ஆக்டிவேஷன் நிரந்தரமா, எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்லும்.

லேப்டாப் வாங்கியபோது விண்டோஸுடன்தான் வந்தது என்றால் தீர்வு நேரானது. கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் நிறுவல் கோப்பை பென் டிரைவில் ஏற்றி விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஃபர்ம்வேரில் உள்ள கீ தன் பதிப்பைத் தானே தேர்ந்துகொள்ளும். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மதர்போர்டு மாறினால் அதிலிருந்த கீயும் போய்விடும். உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் சென்டர் மதர்போர்டை மாற்றித் தந்தால், புதிய போர்டில் விண்டோஸ் கீயை எழுதித் தந்தீர்களா என்று கேட்டு, ஆக்டிவேஷன் பக்கத்தை அங்கேயே திறந்து பார்த்துவிட்டு லேப்டாப்பை வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் அலைவது மிச்சமாகும்.

பிழைக்குறியைப் படிப்பது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்ற வரிசையில் போங்கள். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அங்கே ‘செல்லாது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான குறி இருக்கும். பூஜ்யமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும் அது, 16-ஐ அடிமானமாகக் கொண்ட ஓர் எண். பலரும் கவனிக்காமல் விடும் அந்தக் குறிதான் நான்கு கேள்விகளில் எது தவறியது என்று சொல்கிறது.

எஃப்050 என்று முடிந்தால் கம்ப்யூட்டருக்குள்ளேயே கணக்கு பொருந்தவில்லை. தட்டியதில் பிழை, அல்லது கீ வேறு பதிப்புக்கு உரியது. எந்த வரிசை எண்கள் ஹோமுக்கு, எவை புரோவுக்கு என்ற பட்டியல் ஒவ்வொரு விண்டோஸுக்குள்ளும் ஒரு கோப்பாக இருக்கிறது. சாதாரண ஹோம் கீயை ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் ஏற்பதில்லை. கீயையும் பதிப்பின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சி003 என்றால் கீ பதிவேட்டில் தடுக்கப்பட்டிருக்கிறது. 2018-இல் தவறாகத் தோன்றியதும் இதே குறிதான். சி008 என்றால் அந்த கீ முன்பே வேறு கம்ப்யூட்டரில், அல்லது அனுமதித்ததைவிட அதிகமான கம்ப்யூட்டர்களில் பயன்பட்டுவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகள் கடைசியில் இந்த இரண்டு குறிகளில் ஒன்றில் வந்து நிற்பது வழக்கம். நிறுவனங்களுக்குக் கொடுத்த மொத்த கீயைச் சில்லறையாகப் பலருக்கு விற்றிருப்பார்கள். எண்ணிக்கை தாண்டியதும் எல்லோருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும்.

எஃப்211 என்றால் வன்பொருள் மாறிவிட்டது, எஃப்213 என்றால் இந்த இயந்திரத்துக்கான கீயே கிடைக்கவில்லை. மதர்போர்டை மாற்றியபின் வருபவை இவை. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் இதற்கு நல்ல வழி இருக்கிறது. டிஜிட்டல் உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரை ஓட்டி, சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவைச் சொடுக்கலாம். உரிமம் புதிய போர்டுக்கு மாறும். தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்துக்கே இது முழுமையாகப் பொருந்தும். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்த லேப்டாப்பை விட்டு இன்னொன்றுக்குப் போகாது.

எஃப்074 என்றால் கேஎம்எஸ் சர்வர் கிடைக்கவில்லை. அலுவலக லேப்டாப்பாக இருந்தால் அலுவலக வலையமைப்பில் ஒருமுறை இணைத்தால் போதும். சொந்த லேப்டாப்பில் இந்தக் குறி வந்தால் முன்பு சொன்ன போலி ஆக்டிவேட்டரின் மிச்சம் என்று கொள்ளலாம்.

பழைய கீ வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறும் சலுகை 2016 ஜூலை 29-ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகும் அந்த வழி பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பரில் அதையும் அடைத்துவிட்டார்கள். முன்பே மாறிக்கொண்ட கம்ப்யூட்டர்களுக்குப் பாதிப்பில்லை. இன்று புதிதாக அந்தப் பழைய கீயைத் தட்டினால் ஏற்கப்படாது.

கீயைக் கண்டுபிடித்துத் தரும் நிரல்களை நம்பியும் ஏமாற வேண்டாம். டிஜிட்டல் உரிமம் உள்ள கம்ப்யூட்டர்களில் புரோ பதிப்புக்கெல்லாம் 3வி66டி என்று முடியும் ஒரே பொது கீயும், ஹோம் பதிப்புக்கெல்லாம் 8எச்விஎக்ஸ்7 என்று முடியும் ஒரே பொது கீயும் இருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துப் பயனில்லை. உண்மையான உரிமம் பதிவேட்டில் உங்கள் இயந்திரத்தின் பெயரில் இருக்கிறது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

கீயில் எந்தப் பிழையும் இல்லாமலேயே ஆக்டிவேஷன் தோற்கும் ஒரு வகை உண்டு. 72எஃப்8எஃப் என்று முடியும் குறி அது. பழைய டெஸ்க்டாப்பில் இது வந்தால் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம்.

மின்சாரம் இல்லாதபோது மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 என்ற, நாணயம் அளவுள்ள 3 வோல்ட் பேட்டரி. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பும். ஆக்டிவேஷன் சர்வரோடு கம்ப்யூட்டர் பேசும்போது, எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று ஒரு சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்துகொள்கிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அந்தச் சான்றிதழில் எழுதியிருக்கும். கடிகாரம் பின்னால் போய்விட்டால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் சர்வரை நம்ப மறுத்துவிடும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, புது பேட்டரி போட்டால் வேலை முடிந்தது. இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து உரிமம் வாங்குவது அநியாயம்.

கிராக் கேட்கும் விலை

ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் நின்றுவிடாது. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு மங்கலான வாசகம் தெரியும். பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற விடாது. கோப்புகள் திறக்கும், பிரவுசர் ஓடும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வரும். அதனால் ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது செய்தே ஆக வேண்டும் என்ற அவசரம் இல்லை. அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கிராக் நிரலை ஓட்டும்போது நாம் என்ன செய்கிறோம் என்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கிறது, அணைக்கிறோம். பிறகு நிர்வாகி அனுமதி கேட்கிறது, கொடுக்கிறோம். கம்ப்யூட்டரின் ஆக ஆழமான அதிகாரத்தை, யார் எழுதியது என்றே தெரியாத நிரலிடம் ஒப்படைக்கிறோம். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிக்கோ என்ற பிரபல ஆக்டிவேட்டரின் பெயரில் பரவிய நிறுவல் கோப்புகளுக்குள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததைக் கண்டறிந்தது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பை விவரங்களையும் திருடுவது அதன் வேலை. விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதாகவே நம்பிக்கொண்டு அதே கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உரிமம் வாங்கப் பணம் இல்லை என்பது குற்றமில்லை. அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களுக்கு கீயே கிடையாது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் சென்னையிலேயே வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வந்தது. பாடம் படிக்க, கடிதம் தட்ட, இணையம் பார்க்க, தமிழில் எழுத இவை தாராளமாகப் போதும்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே சில நிமிடம் ஒதுக்குங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு, எந்த வகை உரிமம் என்று குறித்து வையுங்கள். டிஜிட்டல் உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் மங்குவதற்கு முன் ஒரு படம் எடுங்கள், வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லேப்டாப்பைக் கடைக்குக் கொடுக்கும்போது, என்ன பதிப்பு இருக்கிறதோ அதையே போடுங்கள், ஆக்டிவேட்டர் எதையும் ஓட்ட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காசு கொடுத்து லேப்டாப் வாங்கியபோதே பலருக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அதை இன்னொரு முறை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள்.